46,000 கிலோமீட்டர் மின்சார காரில்: கடலூரிலிருந்து

2023 தொடக்கத்தில் மின்சார கார் வாங்கினேன். போன வாரம் 46,000 கிலோமீட்டரைத் தாண்டியது. வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். வேலை புதுச்சேரியில். போக வர ஐம்பது கிலோமீட்டர், வாரத்தில் ஐந்து நாள். அது போக சிதம்பரம், நெய்வேலி, எப்போதாவது சென்னை.

எந்தக் கம்பெனி கார் என்று எழுதப்போவதில்லை. ஓட்டுவதற்கு அருமையான வண்டி, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் எழுத நினைப்பது சார்ஜ் போடுவதற்குப் படும் பாட்டை. 40 யூனிட் பேட்டரி, வீட்டுப் பவர் பிளக்கில் செருகும் சார்ஜர், வெளியே போனால் சிசிஎஸ்2 கன் (வேக சார்ஜரிலிருந்து காரில் மாட்டும் பிளக்). வேறு கம்பெனி கார் வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் இதே அனுபவத்தைத்தான் சொல்கிறார்கள்.

வண்டி வந்த முதல் ராத்திரியே சார்ஜ் ஏறவில்லை. சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அதே பிளக்கில் பத்து வருஷமாக ஹீட்டரும் அயர்ன் பாக்ஸும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியிருக்கின்றன. காலையில் எலெக்ட்ரீஷியன் தம்பி வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 38 வோல்ட். "ரெண்டு, மூணுக்கு மேல காட்டக் கூடாதுண்ணே. உங்க வீட்டுல எர்த்தே இல்லை" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீடு கட்டும்போது எர்த் குழி தோண்டியது என் கண் முன்னால்தான். கொல்லைப்புறத்தில் அந்த இடத்தைத் தோண்டினோம். ஒரு முழ ஆழத்தில் கம்பியைப் பிடித்து இழுத்தார். முறுக்கு நொறுங்குகிற மாதிரி கையோடு உதிர்ந்து வந்தது. உள்ளே உலோகமே மிச்சம் இல்லை, முழுக்கத் துரு. "உப்பு தின்னுடுச்சு" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

அன்றைக்கு அவர் விளக்கிச் சொன்னது இன்னும் மறக்கவில்லை. கடலோர மண்ணில் ஈரமும் உப்பும் இருப்பதால் எர்த் நன்றாகவே பிடிக்கும். ஆனால் அதே உப்பு கம்பியைச் சீக்கிரம் அரித்துவிடும். கார் நிற்பது ரப்பர் டயர் மேல். எங்காவது கசிவு ஏற்பட்டு பாடிக்கு கரண்ட் வந்தால், அது தரைக்கு இறங்க வேறு வழி கிடையாது, கதவைத் தொடுகிற ஆள் வழியாகத்தான் இறங்கும். அதனால்தான் எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் வேலை செய்ய மறுக்கிறது. புதுக் குழி, மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் மில்லிமீட்டர் காப்பர் ஒயர், லோடு கூடினால் விழும் தனி எம்சிபி, கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் ஆர்சிசிபி எல்லாம் சேர்த்து எனக்கு ஒன்பதாயிரத்து ஐநூறு ஆனது. ஷோரூமில் டெஸ்ட் டிரைவ், லோன், இன்சூரன்ஸ் என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

நாலு மாதம் கழித்து பிளக் கருகியது. அயர்ன் பாக்ஸ் பத்து நிமிஷம் ஓடும். கார் விடிய விடிய அதே லோடை இழுக்கும். கடைகளில் கிடைக்கும் சாதாரண பவர் பிளக் அதைத் தாங்காது. ஒரு நாள் காலையில் கழற்றும்போது வாசனை வந்தது. பார்த்தால் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறி, பித்தளைப் பின்னில் பச்சையாகக் களிம்பு. இப்போது தொழிற்சாலைகளில் போடும் நீல நிற சாக்கெட் மாட்டியிருக்கிறேன். மாதம் ஒருமுறை பின்னைத் துடைத்துவிடுகிறேன்.

அடுத்தது ஈபி பில். "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான்" என்று எல்லோரும் சொன்னார்கள். தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் அந்தக் கணக்கு அப்படியே வராது. எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஆகிக்கொண்டிருந்தது. கார் வந்ததும் அதன் மேல் இன்னொரு 440 ஏறியது. காருக்குப் போகிற யூனிட் எல்லாம் மேல் ஸ்லாபில் விழுகிறது. 2024 ஜூலை கட்டணப்படி 500-க்கு மேல் முதல் நூறு யூனிட்டுக்கு 8.55 ரூபாய், 601 முதல் 800 வரை 9.65, அதற்கு மேல் 10.70, ஆயிரத்தைத் தாண்டினால் 11.80. 500-ஐத் தாண்டிவிட்டால் கீழ் ஸ்லாபில் கிடைத்துக்கொண்டிருந்த சலுகையும் குறைகிறது. ஆக, 2,800 கிலோமீட்டருக்கு எனக்குக் கூடுதலாக வருவது சுமார் 4,200 ரூபாய், கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். பழைய பெட்ரோல் காரில் இதே தூரத்துக்குப் பத்தொன்பதாயிரம் ஆகும். லாபம்தான், பெரிய லாபம். ஆனாலும் வாங்கும் முன் பழைய ஈபி அட்டையைப் பார்த்து உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வெளியே வேகமாக ஏற்றும் டிசி சார்ஜரில் யூனிட்டுக்கு இருபது ரூபாய், அதோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி. கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய்க்கு மேல் வந்துவிடும். அந்தப் பணத்தைக்கூடக் கொடுத்துவிடலாம், சார்ஜர் வேலை செய்தால்.

சென்ற ஆண்டு மார்ச்சில் அம்மாவுக்குக் கண் பார்த்துவிட்டு சென்னையிலிருந்து ஈசிஆரில் திரும்பிக்கொண்டிருந்தோம். மரக்காணம் நெருங்கும்போது மணி ஒன்பதரை, சார்ஜ் 18 சதவீதம். கடலூருக்கு இன்னும் அறுபது கிலோமீட்டர். ஆப்பில் பச்சையாகக் காட்டிய ஒரு சார்ஜருக்குப் போனேன். இரண்டு கன். ஒன்றின் முன்னால் டீசல் வேன் நிறுத்தியிருந்தது, டிரைவரைக் காணோம். இன்னொன்று காரில் மாட்டியதும் 'டக்' என்று பூட்டிக்கொண்டது. திரையில் கம்யூனிகேஷன் எரர். சார்ஜும் ஏறவில்லை, கன்னும் கழலவில்லை. கஸ்டமர் கேர் எண்ணில் பாட்டு ஓடியது. காரைப் பூட்டித் திறந்து, பூட்டித் திறந்து நாலாவது முறைதான் கன்னை விட்டது. அதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணில் சொட்டு மருந்து விடும் நேரம் என்று மட்டும் சொன்னார். அதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

ஏசியை அணைத்துவிட்டு நாற்பத்தைந்திலேயே உருட்டிக்கொண்டு புதுச்சேரி லாஸ்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா இருப்பது மாடியில். கீழ் வீட்டுப் பாட்டியை எழுப்பி, மோட்டார் பிளக்கில் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். "போட்டுக்க கண்ணு, காலையில தண்ணி ஏத்தறதுக்குள்ள எடுத்துடு" என்றார் பாட்டி. அங்கே எர்த் இருந்தது.

அந்த ராத்திரிக்குப் பிறகு நாலு விஷயங்களை மாற்றிக்கொண்டேன். வெளியூர்ப் பயணத்தில் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடுவதில்லை. போகிற வழியில் இரண்டு சார்ஜராவது இருக்கிறதா என்று பார்த்து வைக்கிறேன். ஆப்பில் வரும் பச்சைப் புள்ளியை நம்பாமல், கடைசியாக எப்போது யார் சார்ஜ் போட்டார்கள் என்று பார்க்கிறேன். 80 சதவீதம் வந்ததும் கன்னை எடுத்துவிடுவேன். அதற்கு மேல் ஏறுவது ரொம்ப மெதுவாகிவிடும், பின்னால் வருகிறவரும் காத்திருப்பார்.

கடலூர்க்காரர்களுக்குப் புயலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் அடித்தபோது வாரக்கணக்கில் இருட்டில் இருந்த ஊர் இது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. முந்தின நாளே நூறு சதவீதம் ஏற்றி வைத்துவிட்டேன். எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. கார் ஏசியில் கைக்குழந்தையோடு பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு மதியம் தூங்கினாள், தெருவில் பாதிப் பேர் போனுக்கு சார்ஜ் போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் 70 சதவீதம் இருந்தது. ஆனால் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது பயந்தேன். காரை மஞ்சக்குப்பத்தில் மேட்டுத் தெருவில் இருக்கும் சித்தப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். தண்ணீரில் நின்ற பிளக் பாயின்ட்டைக் காயவைத்து, எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே மறுபடி சார்ஜ் போட்டேன்.

பேட்டரி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஆரம்பத்தில் முழு சார்ஜில் 280 கிலோமீட்டர் போனது, இப்போது 265 போகிறது. உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். ஒரே ஒரு முறை கார் எழுந்திருக்கவே இல்லை. பெரிய பேட்டரி முக்கால்வாசி நிறைந்திருந்தது, போய்விட்டது 12 வோல்ட் சின்ன பேட்டரி. அது இல்லாமல் கதவுகூட ரிமோட்டில் திறக்காது. மூன்றாவது வருஷம் அதை மாற்றிவிடுவது நல்லது.

என்னோடு வேலை செய்யும் நண்பர் திருப்பாதிரிப்புலியூரில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். மின்சார காருக்கு முன்பணம் கட்டட்டுமா என்று கேட்டார். வீட்டு ஓனர் கீழே ஒரு பிளக் போட விடுவாரா என்று நான் திருப்பிக் கேட்டேன். அதுவரை அவர் கேட்கவே இல்லை. நேற்று கேட்டுவிட்டாராம். சப் மீட்டர் வைத்துக் கொடுத்தால் சரி என்றாராம் ஓனர். ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரீஷியன் தம்பியை அழைத்துக்கொண்டு அந்த வீட்டு எர்த்தைப் பார்க்கப் போகிறோம்.