டிரெய்லரின் கேஸிலேயே ஓடும் ஹீட்டர்: சில குளிர்காலங்களின் அனுபவம்

அரிசோனாவில் இருப்பவருக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்கலாம். ஃபீனிக்ஸ் வேறு, மேட்டுப் பகுதி வேறு. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கே பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது சாதாரணம். அங்கிருக்கும் மேதர் முகாமில் டிரெய்லருக்கு, அதாவது வண்டியின் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் வீட்டுக்கு, மின் இணைப்பும் கிடையாது. குளிர்காலத்தில்தான் இந்த இடங்கள் அமைதியாக இருக்கும் என்பதால் நாங்கள் அப்போதுதான் போகிறோம். அதனால் புரொப்பேன் ஹீட்டரோடு எனக்குப் பழக்கம் அதிகம்.

டிரெய்லரோடு வந்த ஃபர்னஸ் நல்ல சாமான்தான். கேஸை எரித்துப் புகையை வெளியே தள்ளிவிட்டுச் சூட்டை மட்டும் உள்ளே விடும். சிக்கல் அதன் விசிறியில் இருக்கிறது. 12 வோல்ட்டில் ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். 80 ஆம்பியர்-மணி கொண்ட சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்குமேல் செலவழித்தால் அதன் ஆயுள் போய்விடும். ஆக, கையில் இருப்பது 40தான். ராத்திரி பத்து மணி நேரத்தில் ஃபர்னஸ் பாதி நேரம் ஓடினால் அந்த 40-உம் காலி. விடியற்காலையில், குளிர் உச்சத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து விசிறி தள்ளாடும், ஃபர்னஸ் பற்றாது.

மின்சாரமே கேட்காத ஹீட்டர் தேவைப்பட்டது அதனால்தான். மிஸ்டர் ஹீட்டர் நிறுவனத்தின் ‘போர்டபிள் பட்டி’ வாங்கினேன். மணிக்கு 4,000, 9,000 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு) என இரண்டு நிலை. ஒரு பவுண்டு சிலிண்டரைத் திருகி, குமிழை அழுத்திப் பற்றவைத்தால் போதும். அந்தச் சிறிய சிலிண்டரில் இருப்பது சுமார் 21,600 பி.டி.யூ. குறைந்த நிலையில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும், அதிக நிலையில் இரண்டரை மணி நேரம்கூட வராது. டிரெய்லரின் மூக்கிலேயே 20 பவுண்டு சிலிண்டர்கள் இரண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் 4,30,000 பி.டி.யூ., அதாவது குறைந்த நிலையில் நூறு மணி நேரத்துக்கு மேல். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் இந்த ஒரு பவுண்டு சிலிண்டர்களைக் கலிஃபோர்னியா 2028 ஜனவரி முதல் விற்கவே தடை போட்டிருக்கிறது. பெரிய சிலிண்டரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமே என்று யாருக்கும் தோன்றும்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. வாங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஹீட்டர் எந்த அழுத்தத்தில் கேஸை எதிர்பார்க்கிறது?

மிதமான வெயில் நாளில் புரொப்பேன் சிலிண்டருக்குள் அழுத்தம் 100 பி.எஸ்.ஐ.யை, அதாவது சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டைத் தாண்டியிருக்கும். டிரெய்லரின் ரெகுலேட்டர் அதை 11 அங்குல நீர்மட்ட அளவுக்கு, அதாவது 0.4 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்துத்தான் அடுப்பு, ஃபிரிட்ஜ், ஃபர்னஸுக்கு அனுப்புகிறது. நம் ஊர்ச் சமையல் சிலிண்டரின் ரெகுலேட்டர் தருவதும் கிட்டத்தட்ட இதே அழுத்தம்தான். ஆனால் போர்டபிள் பட்டி போன்ற சிறிய ஹீட்டருக்கு உள்ளேயே தனி ரெகுலேட்டர் இருக்கிறது. அது சிலிண்டரின் முழு அழுத்தத்தை எதிர்பார்க்கிறது. ஏற்கெனவே குறைத்த கேஸை அதற்குக் கொடுத்தால் மறுபடியும் குறைக்கப் பார்க்கும். பைலட் எனும் சிறு தொடக்கச் சுடர் எரிந்தாலும் முகப்பு ஓடு சூடேறாது.

அரிசோனாவின் குவார்ட்ஸைட் ஊர்ப் பாலைவனத்தில் பக்கத்து டிரெய்லர்காரர் ஒருவரிடம் இதை நேரில் பார்த்தேன். புத்தம்புது ஹீட்டர். ஓடு முழுக்கச் செக்கச்செவேலென்று ஒளிர வேண்டிய இடத்தில் நடுவில் மட்டும் மங்கலான ஆரஞ்சுத் திட்டு. கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலும் சூடு தெரியவில்லை. ஹீட்டர் பழுது என்று திருப்பி அனுப்பப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். ஹோஸைப் பின்தொடர்ந்து போனால் அது டிரெய்லரின் பக்கவாட்டில் இருக்கும், ஏற்கெனவே அழுத்தம் குறைத்த கேஸ் வரும் வெளியடுப்பு இணைப்பில் மாட்டியிருந்தது. ஒரு பவுண்டு சிலிண்டரைத் திருகியதும் அதே ஹீட்டர் இரண்டு நிமிடத்தில் சிவந்துவிட்டது. சாமானில் ஒரு குறையும் இல்லை.

சரி, வழி என்ன? இரண்டு இருக்கின்றன. முதலாவது, ரெகுலேட்டருக்கு முன்பாக, சிலிண்டர் வாயிலேயே ‘T’ வடிவப் பித்தளை இணைப்பு ஒன்றைப் போட்டு, அதிலிருந்து முழு அழுத்த ஹோஸை இழுப்பது. முதலில் அப்படித்தான் ஓட்டினேன், நன்றாகவே வேலை செய்தது. ஆனால் முழு அழுத்தத்தில் கேஸ் நிற்கும்போது சாதாரண ரப்பர் ஹோஸ்களிலிருந்து எண்ணெய்ப் பசை கரைந்து வரும். ஹோஸுக்கும் ஹீட்டருக்கும் நடுவே ஃபில்டர் போடாவிட்டால் அது ஹீட்டருக்குள் போய் அடைத்துக்கொள்ளும். சீசன் முடிவில் ஃபில்டரைக் கழற்றித் துணியில் தட்டியபோது தேன் நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு கறை. பசை கசியாத ஹோஸ்களும் விற்கிறார்கள், விலை கொஞ்சம் கூட. எனக்கு மனம் ஒப்பாதது இன்னொரு விஷயம்: மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் 100 பி.எஸ்.ஐ. ஹோஸ். முற்றத்தில் உட்கார்ந்து குளிர்காய இந்த முறை போதும். உள்ளே வேண்டாம் என்பதே என் கருத்து.

இரண்டாவது வழி, குறைந்த அழுத்தத்தையே நேரடியாக ஏற்கும் ஹீட்டர். ‘பிக் பட்டி’யில் ஒரு பவுண்டு சிலிண்டர் வாய்களோடு, உள் ரெகுலேட்டரைத் தொடாமல் போகும் தனி விரைவு இணைப்பும் உண்டு. 11 அங்குல அழுத்தத்துக்கென்றே செய்த ஒலிம்பியன் வேவ் வகை ஹீட்டர்களும் இருக்கின்றன. வேவ்-3 அதிகபட்சம் 3,000 பி.டி.யூ., சின்ன டிரெய்லருக்கு அதுவே தாராளம். நான் பிக் பட்டிக்கு மாறினேன். டிரெய்லர் கேஸ் வேலை தெரிந்த, சான்றிதழ் பெற்ற ஆளை வைத்து, உள்ளே சாப்பாட்டு மேசைக்குக் கீழே மூடும் வால்வோடு ஓர் இணைப்பு போட்டுக்கொண்டேன். பிக் பட்டிக்கென்று விற்கும் ஹோஸின் முனையில் ரெகுலேட்டர் இருந்தால் அது தனிச் சிலிண்டருக்கானது. டிரெய்லர் குழாயில் ரெகுலேட்டர் இல்லாத ஹோஸ்தான் மாட்ட வேண்டும். ஹீட்டரின் உள் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டுக் குறைந்த அழுத்தத்தில் ஓட்டும் வித்தையையும் சிலர் சொல்லித் தருகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதன் பாதுகாப்புச் சான்றே அந்த நிமிடம் செல்லாமல் போய்விடும்.

சூட்டைப் பற்றிப் புகார் இல்லை. பனி விழும் மாலையில் 9,000-இல் கொஞ்ச நேரம், அப்புறம் 4,000-இல் விட்டுவிட்டால் உள்ளே ஸ்வெட்டரைக் கழற்றி வைக்கலாம். பிக் பட்டியின் 18,000 நிலையை டிரெய்லருக்குள் தொடவே தேவையில்லை. புரொப்பேன் −42 டிகிரி செல்சியஸ் வரை ஆவியாகும் என்பதால், பியூட்டேன் கலந்த சிலிண்டர்போல் குளிரில் மக்கர் பண்ணாது.

ஈரம்தான் தொல்லை. இந்த ஹீட்டர்களுக்குப் புகைக்குழாய் இல்லை, எரிந்ததெல்லாம் அறைக்குள்தான் நிற்கும். ஒரு பவுண்டு புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை பவுண்டுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும். குறைந்த நிலையில் நாலு மணி நேரம் ஓட்டினால் அரை லிட்டர். ஜன்னல் கண்ணாடியில் வழிவது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். மெத்தைக்கு அடியில் பலகையோடு ஒட்டியிருக்கும் பக்கம் நனைவது தெரியாது. காலையில் மெத்தையைத் தூக்கி நிறுத்தி உலரவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். கூரைத் துவாரத்தைக் கொஞ்சம், எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் ஈரமும் குறையும், மூச்சுக்கும் நல்லது. குளிர் உள்ளே வருகிறதே என்று யாரும் அவற்றை மூட விடாதீர்கள்.

உயரமும் முக்கியம். அறையில் ஆக்சிஜன் குறைந்தால் பைலட் சுடர் விலகி, வெப்ப உணரி குளிர்ந்து, வால்வு தானாக மூடிக்கொள்ளும். மெல்லிய மலைக்காற்றிலும் அதே உணரி அதே வேலையைச் செய்கிறது. 7,000 அடிக்கு மேல் அணையக்கூடும் என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது. மேதரில் பெரும்பாலும் எரியும். 8,000 அடியை ஒட்டிய பிரைஸ் கேன்யன் முகாமில் அதை நம்பிப் போகாதீர்கள். தாழ்வான இடத்திலும் அடிக்கடி அணைந்தால் பைலட் துளையில் தூசியோ சிலந்தி நூலோ இருக்கும். அழுத்தக் காற்றை அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டிரெய்லருக்குள் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைத் தாளைப் படித்துப் பாருங்கள். எரிபொருளில் ஓடும், கையில் தூக்கிச் செல்லும் சாதனங்களை உள்ளே பயன்படுத்தாதே, கேஸ் சிலிண்டரை உள்ளே வைக்காதே என்றுதான் பொதுவாக இருக்கும். அதை மீறச் சொல்லி இதை எழுதவில்லை. ஹீட்டர் கையேடு, டிரெய்லர் கையேடு இரண்டும் அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நான் விழித்திருக்கும் நேரத்தில் மட்டுமே ஓட்டுகிறேன். படுக்கப் போகும்போது மேசைக்கடி வால்வை மூடிவிட்டு ஃபர்னஸுக்கு மாறுவோம். மாலை முழுக்க ஃபர்னஸ் ஓய்வில் இருந்ததால் பேட்டரி விடியும்வரை தாங்கிவிடுகிறது. கார்பன் மோனாக்சைடு அலாரமும், தரையோரக் கேஸ் அலாரமும் காலாவதித் தேதிக்குள் இருக்க வேண்டும். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஒவ்வொரு முறை ஹோஸ் மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

மின் இணைப்புள்ள முகாம்களுக்கே போகிறவர் என்றால் இதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லை. 1,500 வாட் செராமிக் ஹீட்டர் 5,000 பி.டி.யூ.க்குச் சற்று மேல் தரும், ஈரமும் வராது, பெரும்பாலும் முகாம் கட்டணத்திலேயே மின்சாரச் செலவும் அடங்கிவிடும்.