2,000 கிலோமீட்டரில் டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றம்: பி.எம்.டபிள்யூ. எம்2 காம்படிஷனில் கண்டது

2020ஆம் ஆண்டு வாங்கிய என் எம்2 காம்படிஷனுக்கு, ஓடோமீட்டர் 2,000 கிலோமீட்டரைத் தொட்டதும் முதல் சர்வீஸ் செய்தேன். பி.எம்.டபிள்யூ. தன் முழு எம் கார்களுக்கு (பெயரில் எம் ஒட்டிய சாதாரண மாடல்களுக்கு அல்ல, எம் பிரிவே உருவாக்கியவற்றுக்கு) கட்டாயமாக வைத்திருக்கும் இந்தச் சர்வீஸில் எஞ்சின் ஆயிலோடு, எஞ்சினின் சுழற்சியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பின் டிஃபரன்ஷியலின் ஆயிலும் மாற்றப்பட வேண்டும். சாதாரணக் காரில் எத்தனையோ ஆண்டுகள் திறந்துகூடப் பார்க்காத ஓர் உறுப்பின் ஆயிலை இத்தனை சீக்கிரம் கொட்டுவது அவசியம்தானா என்று நண்பர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். தட்டு கிளட்ச் கொண்ட எல்.எஸ்.டி. (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) உள்ள காரில் முதல் மாற்றத்தை முன்கூட்டியே செய்வது கொடுத்த காசுக்குத் தகுந்த வேலைதான் என்பது என் முடிவு. ஆனால் சரியான ஆயில் கையில் இருந்தால் மட்டுமே அதைச் செய்ய வேண்டும். தவறான ஆயிலை ஊற்றுவதைவிடக் கம்பெனி ஊற்றியதை அப்படியே விட்டுவைப்பது எவ்வளவோ மேல்.

காரணம் எளியது. இந்தக் காரின் எஞ்சினுக்கு 6.5 லிட்டர் ஆயில் பிடிக்கும். அது ஓயாமல் ஃபில்டர் வழியாகச் சுற்றிவருகிறது. பின் டிஃபரன்ஷியலில் இருப்பதோ ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அதற்கு ஃபில்டரும் கிடையாது. உள்ளே உதிர்வது எதுவாக இருந்தாலும், யாராவது திறந்து வடிக்கும் வரை, அந்த ஒரு லிட்டருக்குள்ளேயே சுழன்றுகொண்டிருக்கும். புதிய கிரவுன் வீலும் (பெரிய பற்சக்கரம்) அதைச் சுழற்றும் பினியனும் (சிறிய பற்சக்கரம்) முதல் சில நூறு கிலோமீட்டர்களில்தான் ஒன்றோடொன்று பழகுகின்றன. பல்லின் மேற்பரப்பில் எஞ்சியிருக்கும் நுண்ணிய மேடுகள் தேய்ந்து இரும்புத் தூளாக ஆயிலில் கலக்கின்றன. ஹைப்பாய்டு எனப்படும் இந்த அமைப்பில் பினியனின் அச்சு கிரவுனின் மையத்துக்கு நேராக இல்லாமல் விலகி இருப்பதால், பற்கள் உருள்வதோடு நிற்காமல் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கியும் செல்கின்றன. அந்த வழுக்கலில் எழும் அழுத்தத்தைத் தாங்கத்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ஜி.எல்.-5 தர ஆயில் தேவைப்படுகிறது. கியர் ஆயில் டப்பாவைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் வாடை இந்தக் கந்தகத்தினுடையது.

எம்2வில் இதற்கு மேலும் ஒரு சுமை இருக்கிறது. அதன் ஆக்டிவ் எம் டிஃபரன்ஷியலுக்குள் மின்மோட்டார் அழுத்தி இயக்கும் பல தட்டு கிளட்ச் ஒன்று உள்ளது. இரு பின்சக்கரங்களையும் பூஜ்யத்திலிருந்து நூறு சதவீதம் வரை எந்த அளவிலும் அது பிணைக்கக்கூடியது; 2,500 நியூட்டன் மீட்டர் வரையிலான பிணைப்பு முறுக்குவிசையை 150 மில்லிசெகண்டில் தரக்கூடியது என்பது கம்பெனியின் கணக்கு. கிளட்ச் தட்டுகளின் தேய்மானமும் கியர் பற்களின் தேய்மானமும் ஒரே ஆயிலில்தான் சேர்கின்றன. பழகும் காலத்தில் 5,500 ஆர்.பி.எம்.மையும் 170 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டக் கூடாது என்று கையேடு கட்டுப்படுத்துவதையும், அந்தக் காலம் முடிகிற அதே 2,000 கிலோமீட்டரில் இந்த ஆயிலை வடிக்கச் சொல்வதையும் சேர்த்துப் பார்த்தால், இது வருமானத்துக்காகச் சேர்க்கப்பட்ட வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி சர்வீஸ் நடந்த விதம். நான் வண்டியை விட்ட இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே முதலில் எனக்குக் கொடுத்த மதிப்பீட்டுத் தாளில் எஞ்சின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மட்டுமே இருந்தன. டிஃபரன்ஷியலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்டபோது, “அது லைஃப்டைம் ஆயில் சார், தொடவே வேண்டாம்” என்று ஆலோசகர் உறுதியாகச் சொன்னார். அவர் அன்றாடம் பார்க்கும் பெரும்பாலான கார்களுக்கு அந்தப் பதில் பொருந்தும், இந்தக் காருக்குப் பொருந்தாது. சர்வீஸ் அட்டவணையைத் திரையில் எடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்ட பிறகு, மறுப்பேதும் சொல்லாமல் சேர்த்துக்கொண்டார். நான் கேட்காமல் இருந்திருந்தால் அந்த ஆயில் இன்றைக்கும் உள்ளேயே இருந்திருக்கும். புதிதாக எம் கார் எடுத்தவர்கள் முதல் சர்வீஸ் பில்லில் இரண்டு ஆயில்களும் தனித்தனி வரிகளாக இருக்கின்றனவா என்று பார்த்து, அந்தப் பில்லைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பிற்காலத்தில் வண்டியை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்கும் காகிதங்களில் அதுவும் ஒன்று.

வேலை செய்த மெக்கானிக்கைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். ஆயில் சூடாக இருந்தால்தான் அடியில் தங்கியதும் சேர்ந்து வரும் என்பதால், நான் ஓட்டிவந்த சூடு ஆறுவதற்குள் வண்டியை லிஃப்டில் ஏற்றினார். வடிப்பதற்கு முன்பாக, ஆயில் நிரப்பும் துவாரத்தின் பிளக் கழன்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டார். வடித்து முடித்த பிறகு நிரப்பும் பிளக் இறுகிக் கழலாமல் போனால் வண்டியை லிஃப்டிலிருந்து இறக்கவே முடியாது என்பதால், இந்த வரிசை முக்கியம். வடிந்ததை ஒரு வெள்ளைத் தட்டில் பிடித்து எனக்குக் காட்டினார். புதிய ஆயில் தேன் நிறத்தில் இருக்க, இது விளக்கொளியில் அலுமினியப் பெயின்ட் கலந்ததுபோல மினுமினுத்தது. பாலித்தீன் தாள் சுற்றிய காந்தத்தை அதற்குள் மெதுவாக நகர்த்தி எடுத்தபோது, கண்மை போன்ற கருஞ்சாம்பல் பசை ஒட்டிக்கொண்டு வந்தது. அதை இரு விரல்களுக்கு இடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். மணல்போல நெருடவில்லை, சில்லுகளும் இல்லை. நெருடாத பசை பற்கள் பழகியதன் அடையாளம், சில்லு இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். நிரப்பும்போது புதிய ஆயில் துவாரத்தின் விளிம்பு வரை வந்து வழியத் தொடங்கும் வரை பொறுத்திருந்து, பிறகு புதிய பிளக்கைப் போட்டு டார்க் ரெஞ்சால் முடுக்கினார்.

இந்த மாற்றத்துக்குப் பிறகு கார் வேகமாகிவிட்டது, சத்தம் குறைந்துவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியவில்லை, தெரிய வேண்டியதும் இல்லை.

தவறான ஆயில் என்ன செய்யும் என்பதைச் சிங்கப்பூரில் இருக்கும் நண்பர் ஒருவரின் பழைய எம்3யில் நேரில் உணர்ந்தேன். வெளி கராஜ் ஒன்றில், பிசுபிசுப்பு எண்ணும் ஜி.எல்.-5 முத்திரையும் சரியாகத்தானே இருக்கின்றன என்று, உராய்வைச் சீராக்கும் சேர்மானம் இல்லாத ஆயிலை ஊற்றிவிட்டார்கள். அடுக்குமாடி வாகன நிறுத்தத்தின் வளைவில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பியதும், கிளட்ச் தட்டுகள் வழுக்குவதும் பிடிப்பதுமாக மாறிமாறி இயங்கி, இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு முனகலும் கடகடவென்ற அதிர்வும் எழுந்தன. எல்.எஸ்.டி.க்கு உரிய ஆயிலை மீண்டும் ஊற்றி, காலியான இடத்தில் எட்டு வடிவத்தில் சில சுற்றுகள் ஓட்டிய பிறகே அது அடங்கியது. ஆகவே டப்பாவில் 75டபிள்யூ-90 என்றோ 75டபிள்யூ-140 என்றோ பிசுபிசுப்பு எண் போட்டிருப்பதை மட்டும் நம்பாமல், உங்கள் காரின் சேஸிஸ் எண்ணுக்குக் கம்பெனி குறிப்பிடும் ஆயிலையே, சீல் உடையாத டப்பாவில் வாங்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

சென்னை ஆலையில் அசெம்பிள் செய்யப்படும், முழு எம் கார் அல்லாத எம்340ஐ (M340i) காரை வைத்திருப்பவர்களுக்கு இந்த 2,000 கிலோமீட்டர் சர்வீஸ் கட்டாயமில்லை. அதிலும் கிளட்ச் கொண்ட எம் ஸ்போர்ட் டிஃபரன்ஷியல்தான் இருக்கிறது. என்னிடம் அந்தக் கார் இருந்தால், முதல் சர்வீஸின்போது கைக்காசு கொடுத்தாவது மாற்றியிருப்பேன். நகரத்துக்குள் நிதானமாக ஓட்டி, நான்கைந்து ஆண்டுகளில் விற்றுவிடுபவர் மாற்றாமல் விட்டால் அதைக் குறையாகவும் சொல்ல மாட்டேன். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஓடும் டொயோட்டா ஜி.ஆர்.86இல் இருப்பது பற்சக்கரங்களாலேயே இரு பக்கங்களையும் பிணைக்கும் டார்சன் வகை; அதில் தட்டு கிளட்ச் இல்லாததால் சேர்மானத்தைப் பற்றிய கவலை குறைவு, ஆனால் கிரவுனும் பினியனும் பழகும் விதம் ஒன்றேதான்.

முதல் மாற்றம் தரும் பலனை இரண்டாவது மாற்றத்தையும் அவசரமாகச் செய்து பெற முடியாது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் மூன்று நாட்கள் ஓட்டியிருந்ததால், 20,000 கிலோமீட்டரில் மறுபடியும் வடித்துப் பார்த்தேன். அதே காந்தச் சோதனையில் இம்முறை மெல்லிய படலம் மட்டுமே ஒட்டியது. ஆயிலும் நிறம் சற்று மங்கியிருந்ததே தவிர மினுமினுக்கவில்லை. டிராக்குக்கே போகாமல் இருந்திருந்தால் அந்த ஆயிலை இன்னும் நெடுநாள் விட்டிருக்கலாம். டிராக்கில் தொடர்ந்து சுற்றும்போது ஏறும் சூடு சேர்மானங்களைச் சீக்கிரம் தீர்த்துவிடும் என்பதால், அடுத்த மாற்றத்தை நான் கிலோமீட்டரை வைத்துத் தீர்மானிக்கப் போவதில்லை. இன்னும் மூன்று டிராக் நாட்கள் முடிந்ததும் வடிப்பதாக இருக்கிறேன், அதற்கான இரண்டு டப்பாக்களையும் இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.