கருத்தடை ஊசியை நிறுத்திய பிறகு பீரியட்ஸ் வரவில்லையா? “கர்ப்பப்பை சுத்தம்” என்று விற்பவர்களுக்குக் காசு போடாதீர்கள்

கை நடுங்க நடுங்கத்தான் இதை எழுதுகிறேன். 28,500 ரூபாய். சீட்டெடுத்து வைத்திருந்த காசு. யாழ்ப்பாணத்தில் இன்னொரு பிள்ளை இவர்களிடம் மாட்டக்கூடாது.

மூத்தவள் பிறந்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற டெப்போ ஊசியைக் கிளினிக்கில் இலவசமாகப் போட்டு வந்தேன். அடுத்த பிள்ளைக்கு யோசித்து நிறுத்தினோம். நிறுத்தியும் மாதவிடாய் வரவில்லை. மாமி கேட்கிறா, பக்கத்து வீட்டு அன்ரி கேட்கிறா, என்ன சொல்வதென்று தெரியாமல் ராத்திரியில் போனில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் பெண்களுக்கு மூலிகை மருந்து விற்கிற ஒரு பேஸ்புக் பக்கம் கண்ணில் பட்டது. ஊசி, குளிசையால் கெட்டுப்போன கர்ப்பப்பையை மூன்று மாதத்தில் சுத்தமாக்கித் தருவார்களாம்.

மெசேஜ் போட்ட கொஞ்ச நேரத்திலேயே ஒரு அக்கா கோல் எடுத்தா. அச்சு அசல் எங்கட ஊர்க் கதை. கடைசி ஊசி எப்ப போட்டது, முடி கொட்டுதா, நித்திரை வருதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டா. என்னிடம் யாரும் இவ்வளவு ஆறுதலாக இதைப்பற்றிக் கதைத்ததில்லை. “உள்ளுக்க பழைய ரத்தம் தேங்கி நிக்குது தங்கச்சி, அதை வெளியேத்தினாத்தான் பிள்ளை தங்கும். எனக்கும் இதே பிரச்சினைதான் இருந்தது, இப்ப ரெண்டு பிள்ளையள். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, நான் இருக்கிறன்.” நான் இருக்கிறன் என்று அவ சொன்ன விதத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கே 28,500 ரூபாயையும் அவ தந்த கணக்குக்குப் போட்டேன்.

கூரியரில் வந்தது இரண்டு பிளாஸ்டிக் போத்தல். கோணலாக ஒட்டிய ஸ்டிக்கரில் ஒரு பூப் படம், பக்கத்தின் பெயர், அவ்வளவுதான். என்ன சேர்த்தது, எப்போது செய்தது, பதிவு இலக்கம், முகவரி எதுவும் இல்லை. மூடியைத் திறந்தால் வெந்தய வாசம், அடியில் தூள் கட்டி பிடித்துக் கிடந்தது. குடிக்கத் தொடங்கியதும் வயிற்றுவலியும் வயிற்றோட்டமும். சொன்னால், “நஞ்சு வெளியேறுது, நல்ல அறிகுறி, நிப்பாட்டாதேங்கோ” என்றா. பீரியட்ஸ் வரவேயில்லை. பிறகு கேட்டால் உங்களுக்குப் பிரச்சினை கூட, அடுத்த கட்ட மருந்தும் வாங்க வேண்டும் என்றா. காசைத் திருப்பிக் கேட்டதும் குரலே மாறிப்போச்சு. பொதி உடைத்தால் காசு தரமாட்டார்களாம். அப்புறம் வேறு ஒரு ஆள், “அக்கா லீவில நிக்கிறா.” பிறகு மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதிலே இல்லை, கடைசியில் என்னை புளொக் பண்ணிவிட்டார்கள்.

இதைவிடக் கொதிக்க வைத்தது என்ன தெரியுமா? பார்சல் கிடைத்த அன்று நான் போட்ட “கிடைச்சிட்டுது அக்கா, மிச்சம் நன்றி” என்ற மெசேஜை வெட்டி, வாடிக்கையாளர் குணமடைந்த சாட்சி என்று பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். தங்கச்சியின் போனில் பார்த்தேன். அதைப் பார்த்து இன்னும் எத்தனை பேர் காசு போட்டார்களோ.

போத்தலைத் தூக்கிக்கொண்டு எங்கட பகுதிக் குடும்பநல மாதுவிடம் போனேன். மிஸ் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொன்னா, இல்லையென்று வந்தது. அதன் பிறகு இருத்தி வைத்து விளங்கப்படுத்தினா. இந்த ஊசி முட்டை வெளிவருவதை நிறுத்தி, கர்ப்பப்பையின் உள்தோலையும் மெல்லிசாக்கி விடும். உரிந்து வர ஒன்றுமில்லாததால்தான் ரத்தம் வருவதில்லை. தேங்கி நிற்கவுமில்லை, அழுக்கும் இல்லை. தசையில் போட்ட மருந்து மெதுமெதுவாகத்தான் கரையும், அதனால் நிறுத்தியவர்களுக்குப் பீரியட்ஸ் திரும்ப ஒரு வருடம்கூட எடுக்கலாம். கரு தங்க, கடைசி ஊசியிலிருந்து சராசரியாகப் பத்து மாதம் செல்லும். என் உடம்பு அதன் பாட்டில் திரும்பி வந்துகொண்டிருந்தது, அந்தக் காத்திருப்பை நோய் என்று சொல்லித்தான் 28,500 ரூபாய் பிடுங்கியிருக்கிறார்கள்!

சரி, உங்களுக்குச் சொல்ல வந்தது. கருத்தடைக் குளிசையை நிறுத்தி மூன்று மாதமாகியும் பீரியட்ஸ் வரவில்லையென்றால் டொக்டரிடம் போங்கள். ஊசியென்றால் கடைசி ஊசி போட்டு ஒரு வருடம் தாண்டியும் வராவிட்டால் போங்கள். பீரியட்ஸ் வராமலே கரு தங்கலாம், ஆகவே முதலில் பரிசோதித்துப் பாருங்கள். மணிக்கு ஒரு பேட் நனைகிற அளவுக்கு ரத்தம் போனால் ஒருவரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பதிவு இலக்கம் இல்லாத போத்தலை வாயில் வைக்காதீர்கள். காசு போட்ட சிட்டையையும் மெசேஜ்களையும் அழிக்காதீர்கள், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அடித்து முறைப்பாடு கொடுக்கலாம். நான் கொடுக்கப் போகிறேன். இதே மாதிரிப் பூப் படம் ஒட்டிய போத்தல் வாங்கின ஆட்கள் இருந்தால் இன்பொக்ஸுக்கு வாங்கோ, சேர்ந்து கொடுப்போம்.