பையனைச் சேர்த்துவிடுவதா, வாரம் ஒருமுறை கூட்டிப்போவதா?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஒரு பதினாறு வயதுப் பையன் கஞ்சாவில் மாட்டினால், வீட்டில் முதலில் எழும் பேச்சு "எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடு" என்பதுதான். எல்லாருக்கும் அது தேவைப்படாது.

குடியை நிறுத்தினால் நடுக்கமோ வலிப்போ வருகிறது, சாகப்போவதாகப் பேசுகிறான், போதை மாத்திரையும் சேர்ந்து ஓடுகிறது என்றால் உள்நோயாளியாகச் சேர்ப்பதே சரி. வெறும் கஞ்சா, கூல் லிப் (உதட்டுக்குள் அடக்கும் புகையிலைப் பை) என்றால் பெரும்பாலும் வெளிநோயாளி சிகிச்சை போதும். விட்டதும் வரும் எரிச்சலும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்தில் பொதுவாகத் தணியும். பள்ளிக்கூடமும் நிற்காது.

ஆனால் சிகிச்சைக்கு ராமநாதபுரம் போவதென்றால், ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். அப்பா கடலில் இருந்தால் வாராவாரம் யார் கூட்டிப்போவது? இந்தச் சிகிச்சை அறுந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். விசைப்படகுக் குடும்பம் என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் துணைக்கு ஆள் இருக்கும். அதற்காக அவசர நிலையைத் தள்ளிப்போடக் கூடாது.

சேர்ப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவரைப் பெரியவர்களோடு வைக்கக் கூடாது. சேர்ந்திருக்கும் நாள் முழுக்க காப்பாளரோ அவர் அமர்த்தும் துணையாளரோ உடனிருக்க வேண்டும். "விட்டுட்டுப் போங்க, மூணு மாசம் பார்க்க வராதீங்க" என்கிற இடத்திலிருந்து அப்படியே திரும்பிவிடுங்கள்.

அப்புறம், வெளியே வந்தாலும் அதே படகுத்துறை, அதே கூட்டாளிகள். எனவே சேர்த்தவனுக்கும் பிறகு வெளிநோயாளி சிகிச்சை தொடர வேண்டும். எது பொருந்தும் என்று கேட்க 14446 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.