பஞ்சு பாதி வெள்ளை, பிரிண்டர் முழுக்க நிறுத்தம்: இங்க் டேங்க் பிரிண்டருடன் சில வருடங்கள்

நண்பர் ஒருவர் வட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: "மச்சான், மகள் அடுத்த வருடம் உயர்தரம் எடுக்கிறாள். வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வேண்டும். நீ வைத்திருக்கிற இங்க் டேங்க் நல்லதா? இப்போது விலையும் கொஞ்சம் இறங்கியிருக்காம்." பதில் எழுதத் தொடங்கினேன், வட்ஸ்அப்பில் அடங்கவில்லை. அந்தப் பிரிண்டர் போன வாரம்தான் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பழுது பார்க்கப்பட்டு வீட்டுக்கு வந்திருக்கிறது. கோபம் இன்னும் ஆறவில்லை. அதையும் சேர்த்தே வாசித்துக்கொள்ளுங்கள்.

பிராண்ட் பெயரை எழுதப்போவதில்லை. இங்க்ஜெட் செய்கிற பல கொம்பனிகளின் மாடல்களிலும் இதே ஏற்பாடு உண்டு. ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் நல்லவர்கள் ஆகிவிடுவார்கள்.

நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது நிறையவே இருக்கிறது. 2021இல் வாங்கினேன். கார்ட்ரிஜ் பிரிண்டரில் பட்ட பாட்டுக்கு இது பெரிய விடுதலை. போத்தலைத் திறந்து டேங்கில் மையை ஊற்றினால் மாதக்கணக்கில் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. 2022 மார்ச்சில் காகிதமும் மையும் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்களே, அந்தக் காலத்தில் எங்கள் வெள்ளவத்தை மாடிவீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் இந்தப் பிரிண்டர்தான் மொடல் பேப்பர் அடித்துக் கொடுத்தது. காகிதத்தை மிச்சம் பிடிக்க ஒரு தாளின் ஒரு பக்கத்தில் இரண்டு பக்கங்களைச் சுருக்கி, பின்புறமும் அடிப்போம். அந்தச் சின்ன எழுத்திலும் தமிழ் தெளிவாக வந்தது. மெய்யெழுத்தின் புள்ளி தெளிவாகத் தெரிந்தது, ணகரமும் னகரமும் குழம்பவில்லை, இரசாயனவியல் சமன்பாட்டில் கீழே வரும் குட்டி இலக்கங்கள் கரையவில்லை. இந்த விலைக்கு இப்படி ஒரு அச்சை நான் எதிர்பார்க்கவில்லை.

லினக்ஸ் இயங்குதளத்திலும் தகராறு பண்ணவில்லை. வைஃபையில் போட்டேன், தானாகக் கண்டுபிடித்துக்கொண்டது. டியூஷன் ஆசிரியர்கள் இன்னும் பாமினியில், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருவில், டியூட் அனுப்புவது வேறு கதை. எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோட் குறிமுறையில் தமிழ் வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த வேர்ட் கோப்பைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான். தயவுசெய்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், ஆசிரியர்மாரே.

சரி, இனிக் கோபத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் காலையில் பிரிண்டரைப் போட்டால் இரண்டு விளக்குகள் மாறி மாறி மின்னின. அடிக்கவும் மாட்டேன் என்றது, ஸ்கேன் பண்ணவும் மாட்டேன் என்றது. டேங்கில் மை இருக்கிறது, தாள் சிக்கவில்லை. கணினித் திரையில் வந்த செய்தி: வேஸ்ட் இங்க் பேடின் ஆயுள் முடிந்துவிட்டது, சேவை நிலையத்தை நாடுங்கள். ஸ்கேனருக்கும் மைப் பஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை.

இந்தப் பேட் என்பது பிரிண்டரின் அடியில் இருக்கும் பஞ்சு. அடிக்கும் தலையின் துளைகள் மை காய்ந்து அடைபடாமல் இருக்க, பிரிண்டர் அவ்வப்போது கொஞ்சம் மையைத் தள்ளித் தன்னைக் கழுவிக்கொள்ளும். அந்தக் கழிவு மை போய்ச் சேரும் இடம் இந்தப் பஞ்சு. பஞ்சு நிரம்பினால் மை கசிந்து மேசை நாசமாகும், ஆகவே ஒரு எல்லை தேவை என்பதை மனதார ஒப்புக்கொள்கிறேன். என் பிரச்சினை அந்த எல்லையை அறியும் விதத்தில். பஞ்சு எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்க்க உள்ளே எதுவும் இல்லை. ஒவ்வொரு முறை கழுவும்போதும் இவ்வளவு மை போயிருக்கும் என்று ஒரு கணக்கை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறது. கணக்கு நிரம்பியதும் பூட்டு விழும். அந்தக் கணக்கு என் கண்ணுக்குத் தெரிவதில்லை. மை மட்டத்தைக் காட்டுகிறார்கள், வைஃபை பலத்தைக் காட்டுகிறார்கள், எத்தனை பக்கம் அடித்தேன் என்றும் காட்டுகிறார்கள். இந்த ஒன்றை மட்டும் சேவை நிலையத்து மென்பொருள்தான் காட்டும்.

எங்கள் ஊர் நிலைமையைச் சேர்த்துப் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. அடித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் தலை தன் மூடிக்குள் போய் உட்காராது, மை காயும். கரண்ட் வந்ததும் பிரிண்டர் தன்னைத் தானே கழுவும். திரும்பப் போகும், திரும்ப வரும், திரும்பக் கழுவும். ஒரு பக்கம்கூட அடிக்காமலே கணக்கு ஏறும். கொழும்பில் ஒரு பிரிண்டர் பட்ட மின்வெட்டுக்கெல்லாம் அதன் ஆயுளில் இருந்து கழித்திருக்கிறார்கள், அதை வாங்கியவனுக்குச் சொல்லாமலே.

ஏஜன்சியின் சேவை நிலையத்துக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த தம்பி மூடியைக்கூடத் திறக்கவில்லை. விளக்கு மின்னுவதைப் பார்த்தார், ஒரு விலை சொன்னார். அது புதுப் பிரிண்டர் விலையில் கிட்டத்தட்டப் பாதி. "சேர், இதற்குச் செலவழிப்பதை விட எக்ஸ்சேஞ்சில் புதிதாக எடுங்கள்" என்றார். 2022இல் டொலர் 200இல் இருந்து 360 ரூபாய்க்கு ஏறியதில் இருந்து புதுப் பிரிண்டர் என்பது எங்களைப் போன்ற வீட்டுக்கு யோசித்துச் செய்கிற செலவு. இப்போது கொஞ்சம் இறங்கியிருந்தாலும் பழைய விலை திரும்பி வரவில்லை.

யூனிட்டி பிளாசாவில் உள்ளே தள்ளி ஒரு சிறிய கடை. அங்கிருந்த பழுது பார்ப்பவர் பிரிண்டரைத் திருப்பிப் போட்டு, பின்புறத்தில் ஒரேயொரு திருகாணியைக் கழற்றி, சிறு பிளாஸ்டிக் தட்டு ஒன்றை இழுத்து எடுத்தார். உள்ளே மூன்று அடுக்காகப் பஞ்சு. குழாய் வந்து விழும் மூலை தார் மாதிரிக் கறுத்துக் கெட்டியாகியிருந்தது. அதிலிருந்து நடுப்பகுதிவரை நீலமும் சிவப்பும் கலந்த ஈரம். எதிர்ப்பக்க மூலை அப்படியே வெள்ளை. விரலால் அழுத்திக் காட்டினார், விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. "அண்ணன், இது இன்னும் பாதிக்கு மேலே குடிக்கும்" என்றார். கணக்கோ நூற்றுக்கு நூறு என்று சொல்லிப் பிரிண்டரையே பூட்டியிருந்தது. பஞ்சை மாற்றினார், கேபிளைச் செருகி ஒரு மென்பொருளை ஓடவிட்டார், கணக்கு பூச்சியமானது. ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம்தான். கூலி, ஏஜன்சி சொன்னதில் சின்னப் பங்கு. அந்தப் பஞ்சை ஒரு பையில் போட்டு வாங்கி வந்திருக்கிறேன், படமும் எடுத்து வைத்திருக்கிறேன்.

வட அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய தயாரிப்பாளர் இந்தக் கணக்கை ஒரு தடவை பூச்சியமாக்கும் மென்பொருளை இலவசமாகவே கொடுக்கிறார். செய்ய முடியாத காரியம் இல்லை என்பதற்கு அதுவே போதும். பிரான்சில் 2015இல் ஒரு சட்டம் வந்தது: பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைத்தால் இரண்டு வருடச் சிறையும் மூன்று இலட்சம் யூரோ அபராதமும் வரை போகலாம். 2017இல் அந்தச் சட்டத்தின் கீழ் அங்குள்ள ஒரு நுகர்வோர் அமைப்பு முதலில் முறைப்பாடு கொடுத்தது பிரிண்டர் கொம்பனிகள் மீதுதான். அதே வருடம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் கொம்பனியின் கார்ட்ரிஜ் வழக்கில், பொருளை விற்றவுடன் அதன் மீதான காப்புரிமைப் பிடி முடிந்துவிடுகிறது, வாங்கியவர் அதில் மை நிரப்புவதைக் காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்று தீர்ப்புக் கொடுத்தது. வாங்கினால் அது வாங்கியவனுடையது என்ற சாதாரண விஷயத்துக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

எங்களுக்கு இருப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். மோசமான சட்டம் என்று சொல்ல மாட்டேன். ஏமாற்றும் நடத்தையைத் தடுக்கிறது, சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம், அதன் வொக்ஸ்ஹோல் வீதி அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கலாம். ஆனால் முறைப்பாட்டைப் பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். சில வருடம் கழித்துப் பூட்டிக்கொள்ளும்படி உள்ளே ஒரு கணக்கை வைத்து விற்றால் அந்த மூன்று மாதத்தில் எதைப் பற்றி முறைப்பாடு எழுதுவது? பழுது தெரிய வந்த நாளில் இருந்து காலத்தைக் கணக்கிட வேண்டும். இந்த ஒரு திருத்தத்தைச் செய்தாலே நூற்றுக்கணக்கான சாமான்களின் கதை மாறும்.

சட்டத்தால் முடியாவிட்டால் வாயால் சொல்லலாம் என்று, பஞ்சுப் படத்தையும் ஏஜன்சி சொன்ன விலையையும் எங்கள் பகுதிப் பேஸ்புக் குழுவில் போட்டேன். அடுத்த நாள் ஏஜன்சியில் இருந்து அழைப்பு. மரியாதையாகத்தான் பேசினார்கள். "சேர், அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள். நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருப்பது தெரியும்தானே?" நான் எடுக்கவில்லை. குழுவை நடத்துபவர் பயந்துபோய் அவரே எடுத்துவிட்டார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

அந்தச் சட்டம் 2024 பெப்ரவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதுவும் 9ஆம் இலக்கச் சட்டம்தான், 2024இன் 9. இணையத்தில் எழுதுவதில் எது பொய்க் கூற்று என்று தீர்மானிக்க ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு. சட்டத்தை எழுதும்போதே பலர் எச்சரித்தார்கள், அரசியல் பேசுகிறவர்களுக்குத்தான் ஆபத்து என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டோம். நான் எழுதியது பில்லும் படமும் உள்ள உண்மை. வழக்குப் போட்டால் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்றே நம்புகிறேன். ஆனால் வழக்கே தேவைப்படவில்லையே, சட்டத்தின் பெயரைச் சொன்னதே போதுமாக இருந்தது. 2002இல் குற்றவியல் அவதூறைத் தண்டனைச் சட்டக் கோவையில் இருந்து நீக்கிய நாடு இது. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் முதலாவதாக இருப்பதே பேச்சுச் சுதந்திரம். காசு கொடுத்து வாங்கிய பிரிண்டரைப் பற்றி அயலவருக்கு உண்மை சொல்ல முடியாவிட்டால் அந்த உறுப்புரையை வைத்து என்ன செய்வது? பிரிண்டருக்குள் கணக்கை மறைத்தார்கள், வெளியே அந்தக் கணக்கைப் பற்றிப் பேசுவதை மறைத்தார்கள். அடுத்து வாங்கப்போகிறவருக்கு இரண்டும் ஒரே நட்டம்.

பிரிண்டரால் கோபம் கொண்டவர்களுக்குக் கணினி உலகில் ஒரு முன்னோடி இருக்கிறார். 1980 அளவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு ஜெரொக்ஸ் ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. தாள் சிக்கினால் எல்லோருக்கும் அறிவிக்கும்படி பழைய பிரிண்டரின் மென்பொருளை அங்கிருந்த நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் மாற்றி வைத்திருந்தார். புதியதிலும் அதைச் செய்யப் பார்த்தால் மூலநிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த ஆய்வாளரிடம் நேரே போய்க் கேட்டார், இரகசிய ஒப்பந்தத்தைக் காட்டி அவர் மறுத்துவிட்டார். 1983இல் ஸ்டால்மன், யாரும் மூலநிரலைப் பார்த்து மாற்றக்கூடிய மென்பொருளை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இந்த அனுபவமும் உண்டு. நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது, பிரிண்டருக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் இன்னும் அதே பதில்தான்.

மச்சான், கலர் லேசர் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். அதிலும் ஒன்றைத் தெரிந்துகொள். பல கலர் லேசர்கள் ஒவ்வொரு தாளிலும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளை அடிக்கின்றன. 2005இல் எலெக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க இணைய உரிமை அமைப்பு ஒரு ஜெரொக்ஸ் மாடலின் புள்ளிகளைப் பிரித்து வாசித்தது. அடித்த திகதி, நேரம், பிரிண்டரின் தொடர் இலக்கம் எல்லாம் அதில் இருந்தன. துண்டுப் பிரசுரம் அடிப்பதற்கே பயப்பட்ட காலம் இந்த நாட்டில் இருந்தது, அது நம் தலைமுறைக்குத் தெரியும். எனக்குச் சொல்லாமல் என் தாளில் என் முகவரியை எழுதுகிற சாமான் என் வீட்டுக்கு வேண்டாம்.

ஆகவே என் பதில்: என்னுடைய மாடலை வாங்காதே. அச்சு அருமை, மைச் செலவு குறைவு, தமிழ் அழகாக வரும், எல்லாம் உண்மை, இருந்தும் வாங்காதே. கறுப்பு வெள்ளை லேசர் ஒன்றைப் பார். பக்கத்துக்குச் செலவு கூட, படம் கலரில் வராது. உயிரியல் படத்துக்குக் கலர் வேண்டுமென்றால் அதை மட்டும் கடையில் எடுக்கலாம். இங்க் டேங்க்தான் வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தால், பேட் இருக்கும் பெட்டியை நாமே கழற்றி மாற்றக்கூடிய மாடலாகப் பார்த்து எடு. அந்தப் பெட்டி கொழும்பில் கிடைக்கிறதா, என்ன விலை என்று காசு கொடுக்குமுன் கேள். வாயால் சொன்னால் போதாது, பில்லில் எழுதி வாங்கு. கடைக்காரர் எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போ.

கடைசியாக, என்னுடையதை விற்பாயா என்று கேட்டிருந்தாய். இல்லை, விற்க மாட்டேன். நாளைக்கு மாடிவீட்டுப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் பேப்பர் அடிக்க வேண்டும்.