ஒரே 54 லிட்டர், இரண்டு தொட்டிகள்: நீளமா, உயரமா?

60×30×30 செ.மீ. மீன் தொட்டியும் 45×30×40 செ.மீ. தொட்டியும் கணக்குக்கு ஒன்றுதான். இரண்டிலும் 54 லிட்டர் வரும். ஆனால் ஒன்றில் ஓடியாடித் திரியும் மீன், மற்றதில் துடுப்பு கிழிந்து மூலையில் ஒதுங்கி நிற்கும். லிட்டரை மட்டும் பார்த்து வாங்கினால் சிக்கல் இங்கேதான் தொடங்கும்.

அடியில் 4 செ.மீ. மணல் போட்டு, மேலே 4 செ.மீ. காலி விட்டால், நீளத் தொட்டியில் நிற்கும் தண்ணீர் சுமார் 40 லிட்டர். உயரத் தொட்டியில் 43. ஆக, தண்ணீர் உயரத் தொட்டியில்தான் அதிகம்! ஆனால் காற்றைத் தொடும் நீர்ப்பரப்பைப் பாருங்கள்: நீளத்துக்கு 1800 சதுர செ.மீ., உயரத்துக்கு 1350. கால் பங்கு குறைவு. ஆக்சிஜன் கரைவது அந்தப் பரப்பு வழியாகத்தான். கரண்ட் போய் ஃபில்டர் நின்றால், உயரத் தொட்டி மீன்கள்தான் முதலில் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

நீளத் தொட்டியில் தயங்காமல் வைக்கக்கூடிய கூட்டணி: 8 முதல் 10 நியான் டெட்ரா, அடித்தளத்தில் 6 பாண்டா கோரி. இரண்டுக்கும் 24 டிகிரி ஒத்துவரும். நியான் நடுமட்டத்தில் கூட்டமாக நீந்தும், கோரி மணலைக் கிளறும். ஒன்றின் வழியில் மற்றது வராது. மூன்று நியான் போதும் என்று சிக்கனம் பிடித்தால் அவை நிறம் மங்கி செடிக்குப் பின்னால் பதுங்கிக்கொள்ளும். கோரிக்குக் கூர்மையான சரளைக்கல் ஆகாது. மீசை தேய்ந்து புண்ணாகும். மெல்லிய மணலே சரி.

தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு கட்டுகிறதா? அது கடினநீர். அங்கே நியானைவிட கப்பி நன்றாக வாழும். ஆனால் கப்பியில் ஆண் பெண் கலந்து விட்டால், சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டிகள் வரும். ஆணைப் பிரித்துவிட்டாலும் நிற்காது. பெண் கப்பி விந்தைப் பல மாதம் சேமித்து வைத்திருக்கும். ஆண்கள் மட்டும் 8 வைப்பதே எளிது. கலந்துதான் வேண்டுமென்றால் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள். இல்லையேல் ஆண்கள் துரத்தித் துரத்தியே பெண் மீன் இளைத்துப்போகும்.

உயரத் தொட்டியைப் பெரும்பாலும் ஏஞ்சல் மீனுக்காகவே வாங்குகிறார்கள். நாணயம் அளவில் இருக்கும்போது அழகாகத்தான் இருக்கும். வளர்ந்த ஏஞ்சல் துடுப்போடு சேர்த்து 20 செ.மீ. உயரம் தொடும், மணலும் இடைவெளியும் போக இங்கே மிஞ்சுவது 32 செ.மீ. ஜோடி சேர்ந்து முட்டையிட்டால் மற்ற மீன்களை ஒரு மூலைக்குத் தள்ளும். 45 செ.மீ. நீளத்தில் ஒதுங்க மூலை ஏது? போதாக்குறைக்கு, கூட இருக்கும் நியானும் ஒவ்வொன்றாக ஏஞ்சலின் வயிற்றுக்குள் போகும். ஒரு ஜோடிக்கு 45 செ.மீ. உயரமும் 100 லிட்டருக்கு மேல் தண்ணீரும் தேவை.

உயரத் தொட்டிக்குப் பொருந்துவது ஹனி கௌராமி ஜோடி, அல்லது ஒரே ஒரு ஆண் ஃபைட்டர் மீனும், அடியில் நெளிந்து திரியும் 6 குஹ்லி லோச்சும். ஃபைட்டரும் கௌராமியும் மேற்பரப்புக்கு வந்து நேரடியாகக் காற்றை இழுக்கும் மீன்கள் என்பதால் பரப்பு குறைந்தாலும் சமாளிக்கும். ஆனால் நீண்ட துடுப்புள்ள ஃபைட்டருக்கு 32 செ.மீ. ஆழத்திலிருந்து அடிக்கடி ஏறி வருவது பெரும்பாடு. நீர்மட்டத்துக்குக் கீழே 5 செ.மீ.யில் அகன்ற இலைச் செடி ஒன்று இருந்தால் அதில் படுத்து இளைப்பாறும். குட்டைத் துடுப்பு வகைக்கு அந்தத் தொல்லையில்லை. கப்பியை மட்டும் ஃபைட்டரோடு விடாதீர்கள். விரிந்த வண்ண வாலைப் பார்த்தால் இன்னொரு ஆண் ஃபைட்டர் என்று பாய்ந்துவிடும்.

ஜீப்ரா டேனியோவும் டைகர் பார்ப்பும் 5, 6 செ.மீ. மீன்கள்தான், ஆனால் ஓட்டக்காரர்கள். 45 செ.மீ. அவற்றுக்குக் கட்டுப்படியாகாது. டைகர் பார்ப் 8க்குக் குறைந்தால் தங்களுக்குள் துரத்துவதை விட்டுவிட்டு அடுத்தவர் துடுப்பைக் கடிக்கும். ஏஞ்சல், ஃபைட்டர், கௌராமி பக்கமே அது வரக்கூடாது.

இரண்டு தொட்டியிலும் ஆகாதவை: தங்கமீன், சக்கர் மீன், ஆஸ்கர். "ஒரு லிட்டருக்கு இத்தனை செ.மீ. மீன்" என்ற சூத்திரம் இங்கே கவிழ்ந்துவிடும். 3 செ.மீ. நியான் பத்தும் 30 செ.மீ. ஆஸ்கர் ஒன்றும் நீளத்தில் சமம். எடையிலோ ஆஸ்கர் அந்தப் பத்தையும்போல ஏறக்குறைய நூறு மடங்கு, கழிவும் அதற்கேற்ப. ஆஸ்கர் ஒன்றுக்கே 120×45×45 செ.மீ. தொட்டி வேண்டும். பாசி தின்னத்தான் சக்கர் என்றால், 12, 15 செ.மீ.யோடு நிற்கும் பிரிசில்நோஸ் பிளெக்கோவை நீளத் தொட்டியில் ஒன்று விடலாம்.

மீன் விடுவதற்கு முன் ஃபில்டரை 4 முதல் 6 வாரம் அம்மோனியா ஊட்டி ஓடவிடுங்கள்; மீன் கழிவின் நஞ்சைச் சிதைக்கும் பாக்டீரியா அதில் வளரும். தண்ணீரைச் சோதித்தால் அம்மோனியாவும் அது சிதைந்து வரும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு அடித்தள மீன்கள், ஒரு வாரம் கழித்து நடுமட்ட மீன்கள். ஃபைட்டர் எப்போதும் கடைசி. முதலில் விட்டால் தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொண்டு, பின்னால் வரும் ஒவ்வொன்றையும் விரட்டும்.