பொன் விளிம்பும் நீலக் கொடியும்: பன்னிரண்டு ஆண்டுப் பீங்கான் புழக்கம்

மும்பை மாட்டுங்காவில் உள்ள எங்கள் வீட்டில் இரண்டு வகைப் பீங்கான் கோப்பைகள் 2013 முதல் அன்றாடப் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, திருமணத்துக்கு அலுவலக நண்பர்கள் சேர்ந்து அளித்த போன் சைனா செட். விளிம்பில் பொன் கோடு ஓடும் ஆறு கோப்பைகளும் ஆறு சாசர்களும் கொண்டது. மற்றொன்று, அதே ஆண்டு சோர் பஜாரின் மட்டன் தெருவில் பேரம் பேசி நான் வாங்கிய, முத்திரை ஏதும் இல்லாத, நீலக் கொடி படர்ந்த ஆறு கோப்பைகள். எது நல்லது என்று வாங்கிய வாரத்தில் கேட்டிருந்தால் தயங்காமல் பொன் விளிம்பைக் காட்டியிருப்பேன்.

நம் பேச்சில் ஊறுகாய் ஜாடியும் பீங்கான்தான், தேநீர்க் கோப்பையும் பீங்கான்தான் என்பதால் கடையில் ஏமாறுவது எளிது. ஜாடி, ஒளி ஊடுருவாத தடித்த கல்மண் வகையைச் சேர்ந்தது. புளிப்பும் உப்பும் பித்தளையை அரிப்பதைப்போல அதன் மெருகை, அதாவது கண்ணாடி போன்ற மேற்பூச்சை, அரிக்க முடியாததால், பீங்கானில் காபி குடிக்கவே மறுத்த என் பாட்டிகூட மாவடுவை அதில்தான் போட்டு வைத்தார். உண்மையான பீங்கானோ கயோலின் என்னும் வெண்களிமண்ணோடு ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் என்னும் கனிமங்களும் சேர்ந்து சுமார் 1300 டிகிரி செல்சியஸில் பாதி கண்ணாடியாக இறுகியது. சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல்களின் நிழல் தெரிய வேண்டும். சுண்டினால் மணியோசை நீண்டு ஒலிக்க வேண்டும். என் சோர் பஜார் கோப்பைகள் இரண்டிலும் தேறின. அவை கையால் வரையப்பட்டவை என்று கடைக்காரர் சத்தியம் செய்ததை மட்டும் நான் நம்பவில்லை, ஏனெனில் பிடியின் அருகே கொடி ஓரிடத்தில் வெட்டுண்டு, மறுமுனையோடு பொருந்தாமல் நின்றது. அச்சுத்தாளிலிருந்து ஒற்றி எடுத்த வேலைப்பாட்டில்தான் அத்தகைய மூட்டு தெரியும்.

போன் சைனா செட்டின் முதல் சோதனை வேறு வகையில் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் உருப்பெற்ற அந்தக் கலவையில் ஏறக்குறைய பாதி கால்நடை எலும்புச் சாம்பல். அதன் பால் வெண்மைக்கும் மெல்லிய சுவருக்கும் காரணம் அதுவே. இதை ஒரு மாலை நான் பெருமையாக விளக்கியபோது மாமியார் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். “ஏம்மா, இத்தனை நாளா இதுலயா எனக்கு டீ கொடுத்தே?” என்று கேட்டார். மறுநாள் முதல் அவருக்கு நீலக் கோப்பைதான்.

பொன் கோடு மூன்றாம் ஆண்டிலேயே தேயத் தொடங்கியது. இதில் தயாரிப்பாளரைக் குறை சொல்வதற்கில்லை; முறையே அப்படிப்பட்டது. மெருகிட்டுச் சுட்ட கோப்பையின் மேல் பொன்னைத் தீட்டி, மிகக் குறைந்த வெப்பத்தில் மறுபடி சுடுகிறார்கள். ஆகவே பொன் மெருகின் மேல் ஒட்டி நிற்கிறதே தவிர அதற்குள் இறங்குவதில்லை. பாத்திரம் தேய்க்கும் நார் நாள்தோறும் அதைக் கொஞ்சம் எடுத்துச் செல்லும். ஒரு கோப்பையை மைக்ரோவேவில் வைத்து விளிம்பெங்கும் பொறி பறந்தது என் கவனக்குறைவு. நீல நிறமோ கோபால்ட்டிலிருந்து வருவது. மெருகுக்கு அடியில் இருப்பதால் நாரும் சோப்பும் அதைத் தொடுவதே இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் ஓர் இலைகூட மங்கவில்லை.

இதன் பிறகு சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்துக்குச் சென்றபோது, சர் ரத்தன் டாட்டாவும் சர் தோராப் டாட்டாவும் சேகரித்த சீன, ஜப்பானியப் பீங்கான்களை வேறு கண்ணோடு பார்த்தேன். முன்பு ஓவியத்தைப் பார்ப்பேன். இப்போது பிடி எங்கே ஒட்டுகிறது, அடி வளையம் எவ்வளவு அகலம், நிறம் மெருகுக்கு மேலா கீழா என்று பார்க்கிறேன். சீனாவின் ஜிங்டெசென் சூளைகள் பதினான்காம் நூற்றாண்டில் பாரசீகக் கோபால்ட்டைக் கொண்டு நீல வெள்ளைப் பீங்கானைப் பெருக்கியபோது, அழகோடு அழியாமையையும் சேர்த்தே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். என் கணவரின் ஊர்ப்பக்கமான ராமநாதபுரம் மாவட்டத்தில், பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகள் பல நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்தவை என்பதை நினைத்தால் என் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றுகிறது.

நீலக் கோப்பைகளிலும் குறைகள் உண்டு. சூளைப் பலகையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அடி வளையத்தில் மெருகு பூசுவதில்லை. இவற்றில் அந்த வளையத்தைத் தேய்த்து வழவழப்பாக்கவும் இல்லை. ஒன்றுக்குள் ஒன்று அடுக்கியதால் கீழ்க் கோப்பைகளின் உட்புறம் கீறல் விழுந்து, தேநீர்க் கறை அந்தக் கோடுகளில் குடியேறியது. சமையல் சோடா போட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். கவிழ்த்து வைத்தால் அடிக்குழியில் நீர் தேங்கும். மும்பை மழைக்காலத்தில் அது காலை வரை அப்படியே நிற்கும். வளையத்தில் ஒரு சிறு வெட்டு இருந்திருந்தால் நீர் வடிந்திருக்கும்.

ஃபில்டர் காபிக்கு இரண்டு செட்டுமே உதவவில்லை. டபராவில் ஆற்றும் வேகத்துக்குப் பீங்கான் வளைந்துகொடுக்காது, நுரையும் வராது. தேநீரைச் சாசரில் ஊற்றிக் குடிக்கும் இரானி ஹோட்டல் பழக்கம் மட்டும் எங்கள் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. அதற்கு போன் சைனா சாசரின் குழிவு சற்றுப் போதாது. அந்தக் கோப்பையின் பிடியோ ஒரு விரலுக்கு மேல் இடம் தராது. அத்தகைய இரண்டு பிடிகள் ஒட்டிய இடத்திலேயே கழன்றன.

இன்றைய இருப்பு: பொன் விளிம்பில் மூன்று, நீலத்தில் ஐந்து. அந்த ஐந்தில் ஒன்றின் விளிம்பு அரிசி அளவு உதிர்ந்திருக்கிறது. மாமியார் அதைத் தனியே எடுத்து எனக்கென்று ஒதுக்கிவிட்டார். உதிர்ந்த பக்கத்தை இடப்புறமாகத் திருப்பி நான் குடித்துக்கொண்டிருக்கிறேன்.